மாட்டுவண்டிக் கட்டம்

கஃபுவே சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள்.
அதற்கு முன் எண்ண வேண்டுமாம்.
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு குடை,
நூல் கட்டிய பென்சில், கட்டுத் தாள்.
காலை ஐந்தரை முதல் மாலை ஆறரை வரை
நான் ஒரு கண். கண்ணுக்குக் கூலி உண்டு.

தாளில் கட்டங்கள்:
கார். மினிபஸ். பெரிய பஸ்.
லாரி, அச்சு இரண்டு.
லாரி, அச்சு மூன்றும் அதற்கு மேலும்.
கடைசியில், எந்தக் காலத்துத் தாளோ,
மாட்டுவண்டி.

நாலு கோடு, குறுக்கே ஒன்று: ஐந்து.
நாலு கோடு, குறுக்கே ஒன்று.

விடியுமுன் வருகிறது கரி.
சைக்கிளின் பின்னால் ஆளுயரத்துக்கு மூன்று மூட்டை;
மிதிப்பவன் தலை தெரிவதில்லை,
மூச்சுதான் கேட்கிறது.
லாரி ஹாரன் அடித்தால் மண்ணில் இறங்குகிறான்,
மறுபடி தாருக்கு ஏறுகிறான்.
சாண் ஏற முழம் சறுக்குவதைக்
கண்ணால் பார்க்கிறேன்.
அவனுக்குத் தாளில் இடமில்லை.

பிறகு கன்யாமாவிலிருந்து கால்கள்.
ஷூவைக் கையில் பிடித்து வரும் நர்ஸ்.
மழைநீர்க் கால்வாயின் விளிம்பில்
கயிற்றில் நடப்பதுபோல் சீருடைப் பிள்ளைகள்.
ஒரு மரக்கதவைத் தலையில் சுமந்து இருவர்;
கதவு எங்கே திரும்புகிறதோ அங்கே பாதை.
கையால் சுழற்றும் மூன்று சக்கர வண்டியில்
தையல்காரர் லுபாசி.
"சரிவு எங்கே வைத்திருக்கிறீர்கள்?" என்று
தினமும் என்னைத்தான் கேட்கிறார்,
சாலையை நானே போட்டதுபோல.

மேற்பார்வையாளரிடம் கேட்டேன்:
நடக்கிறவர்களை எங்கே எழுதுவது?
"போக்குவரத்தை மட்டும்தான் எண்ணச் சொன்னார்கள்" என்றார்,
நிரம்பாமல் கிளம்பாத மினிபஸ்ஸுக்குக் காத்திருந்து அலுத்து
அரை மணி நேரம் நடந்து வந்தவர்,
கழுத்தைத் துடைத்துக்கொண்டே.

ஆறரைக்கு மேல் நானும் நடப்பேன்.
இரண்டு மினிபஸ் மாறினால்
கூலியில் மூன்றில் ஒன்று போய்விடும்.
அந்த நேரத்தில் யாரும் எண்ணுவதில்லை.

மூன்றாம் நாள், காலை ஏழேகால்.
சாலை நடுவே ஒரு பெண்.
முன்னால் பஸ், பின்னால் லாரி,
வெள்ளைக் கோட்டின்மேல் கொக்குபோல நின்றாள்.
முதுகில் சிட்டெங்கே துணியில் கட்டிய பிள்ளை
நல்ல தூக்கத்தில்.
நாற்பத்தொரு வண்டி போகும்வரை நின்றாள்.
நாற்பத்தொன்றையும் குறித்தேன், என் வேலை அது.
அவள் கடந்தாள்.
பென்சில் சும்மா இருந்தது.

பிறகு நகர்ந்தது,
மாட்டுவண்டிக் கட்டத்துக்கு.
ஒரு கோடு.
குழந்தைக்கு இன்னொன்று:
முதுகில் வந்தாலும் வந்ததுதானே.
கரிக்காரனுக்கு. நர்ஸுக்கு. கதவுக்குக் கீழே இருவருக்கு.
கட்டம் நிரம்பி ஓரத்தில் வழிந்து
தாளின் முதுகுக்குப் போய்விட்டது.

ஒன்பதாம் நாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.
பொறியாளர் சிகாஸ்வே. மேசைமேல் என் கோடுகள்.
"மூதிந்தா, இந்த நகரத்தில்
ஒரே நாளில் பதினோராயிரத்து இருநூற்று ஆறு
மாட்டுவண்டியா?"
ஆமாம் ஐயா.
"மாடு எங்கே?"
மாடு கிடையாது ஐயா.
அவர்களே இழுத்துக்கொள்கிறார்கள்.

சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை.
தொப்பியை எடுத்தார். கார் சாவியை எடுத்தவர்
என்ன நினைத்தாரோ,
திரும்ப மேசையிலேயே வைத்தார்.

இப்போது மாலை ஐந்தே முக்கால்.
இந்தப் பக்கம் நானும் குடையும்.
அந்தப் பக்கம் அவர்.
ஒரு காலை இறக்குகிறார், இழுத்துக்கொள்கிறார்.
பளபளக்கும் ஷூவில் செம்மண்.
பக்கத்தில் லுபாசியின் வண்டி வந்து நிற்கிறது.
என்ன கேட்கிறார் என்று இங்கே கேட்கவில்லை,
ஆனால் எனக்குத் தெரியும்.
பொறியாளர் குனிகிறார்,
நடைமேடையின் உயரத்தைச்
சாண் போட்டு அளக்கிறார்.
இன்னொரு முறையும் அளக்கிறார்.

அவரை இன்னும் எண்ணவில்லை.
கடந்து வரட்டும்.
பென்சிலைச் சீவி வைத்திருக்கிறேன்.