ஐந்தாம் துண்டு

கதவுகளுக்கு நான்கு,
கியர் தண்டைச் சுற்றி ஒன்று,
சாம்பல் கிண்ணத்தின் மூடி ஒன்று.
நகத்தைவிட மெல்லிய வால்நட் தோல்
அலுமினியத் தகட்டின்மேல் ஒட்டிக்கிடக்கிறது.
அந்தப் பழைய பென்ஸில்
மரம் என்று சொல்லிக்கொள்ள அவ்வளவுதான்.

முப்பது கோடை வெயில்
கண்ணாடிக்கு வெளியே நின்றபடியே
உள்ளே இருந்ததைத் தின்றிருக்கிறது.
ஓட்டுகிறவர் பக்கம் வைக்கோல்.
மற்ற பக்கம் ஆறிப்போன தேநீர்.
விரல் பட்ட இடத்தில் வார்னிஷ்
கெண்டைச் செதிலாகக் கையோடு வருகிறது.

மர அச்சுப் போட்ட ஸ்டிக்கர்
ஒரு சுருள் வாங்கிவந்தான் தம்பி ஸ்கெந்தர்.
"அரை மணி நேர வேலை, வால்போனா.
கல்யாணப்பெண் என்ன
கதவைத் தட்டிப் பார்த்துவிட்டா ஏறப்போகிறாள்?"

நான் பல் செய்கிறவள்.
ஷ்கோதரில் பாதிப்பேர் சிரிப்பதற்கு
நானும் கொஞ்சம் பொறுப்பு.
போலியைப் பற்றி எனக்கா பாடம்?
சுருளை வாங்கிச்
சமையலறை அலமாரித் தட்டுகளில் விரித்தேன்.
அங்கே அழகாகத்தான் இருக்கிறது.

ஹேர் டிரையரால் சூடுகாட்டி,
வாய்க்குள் போகாத ஒரு பழைய கரண்டியால்
ஒவ்வொரு செதிலாய் நெம்பி எடுத்தேன்.
கழற்றிய துண்டுகளின் முதுகில் பென்சில் எண்.
நானூற்றுப் பதினேழு.
நானூற்றுப் பதினேழு.
ஒரே மரம், ஒரே அறுப்பு,
புத்தகம் விரித்ததுபோல்
இடமும் வலமும் ஒன்றையொன்று பார்த்த ரேகைகள்.

ஐந்தாவதாகக் கழன்றது பின்பக்க வலது கதவு.
எண்ணூற்று அறுபத்திரண்டு.

டுரெஸ் துறைமுகத்தருகே
இந்த வண்டியை விற்றவனுக்குப் பெஸ்னிக் என்று பெயர்.
எங்கள் மொழியில் அதற்கு, வாக்குத் தவறாதவன்.
"ஒரு கீறல் பட்டதில்லை" என்று
இரண்டு காபி குடிக்கும் நேரம் சத்தியம் செய்தான்.

ஈரத்துணியால் துடைத்ததும் தெரிந்துவிட்டது.
மற்றவை செம்பழுப்பு.
இது சாம்பல் கலந்து,
ரேகை தன் பாட்டுக்கு வேறு பக்கம் போகிறது.
வெளுத்திருந்தவரை எல்லாம் ஒரே குடும்பம்.
இத்தனை வருடம் அந்தப் பொய்யைக்
கட்டிக்காத்தது வெயில்தான்.

எங்கோ ஒரு வண்டி
தன் ஐந்தாம் துண்டைக் கொடுத்துவிட்டு நசுங்கியது.
இந்த வண்டியும் எங்கோ ஒருநாள்
வலது பக்கம் வாங்கியிருக்கிறது.
யார் உட்கார்ந்திருந்தார்கள் அங்கே?
நின்று யோசிக்க நேரமில்லை.
சனிக்கிழமை முதல் சவாரி.

பல்லில் தெரிந்த வேலைதான்.
பக்கத்துப் பல் புகை குடித்திருந்தால்
புதுப்பல்லும் கொஞ்சம் குடித்திருக்க வேண்டும்.
மூன்று முடித் தூரிகை, பீங்கான் தட்டு,
ஒரு துளி சிவப்பு, அதில் பாதி கறுப்பு.
இரவு இரண்டு மணிக்கு நிறம் இணங்கியது.
ரேகையைத் தொடவில்லை.
தொட்டிருக்கலாம். கை வந்திருக்கும்.

தூசி அடங்கக் குளியலறையில் வெந்நீர் திறந்துவிட்டு
அங்கேயே தொங்கவிட்டு ஏழு பூச்சு லாக்கர்.
நான்கு நாள் வீட்டில் யாருக்கும் குளியல் இல்லை.
ஸ்கெந்தர் சோப்போடு ஏரிக்குப் போய்வந்தான்,
போகும்போதும் வரும்போதும் திட்டினான்.
மூன்றாம் பூச்சில் ஒரு கொசு.
தேய்த்து எடுத்தேன். ஒரு கால் மட்டும் வரவில்லை.

மாட்டி முடித்ததும் பின் சீட்டில் ஏறி
மூக்கு உரச உரசத் தேடினான்.
"எது?"
கண்டுபிடி என்றேன்.
இடது முன்கதவைக் காட்டினான்.

சனிக்கிழமை மணப்பெண்
காலையிலிருந்து சாப்பிடவில்லை என்று
வண்டியிலேயே ஒரு முழு பூரெக் தின்றாள்.
மாப்பிள்ளை வீடு வரும்வரை
எண்ணெய்க் கட்டைவிரல்
அந்த ஐந்தாம் துண்டின் மேலேயே இருந்தது,
ரேகை போன திசையில் போய்,
திரும்பி வந்து, மறுபடி போய்.

இறக்கிவிட்டபின் துடைத்தேன்.
துணியில் எண்ணெய் வந்தது.
நிறம் வரவில்லை.