எழுபத்தொன்று

ஆட்டத்தோடு ஒரு திசைகாட்டியும் அனுப்பியிருந்தார்கள்.
பித்தளை. மூடியில் என் பெயர், எழுத்துப்பிழையோடு.
மேசையில் எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும்
அதன் முள் என் கணினியையே காட்டியது.

தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள்.
எனக்குச் சம்பளமே
பல்லைப் பிடித்துப் பார்ப்பதற்குத்தான்.

நாற்பத்தோரு மணி நேரம் ஆடினேன்.
அதில் ஆறு, கடைவாய்ப் பல்வலியோடு.
மூழ்கிய நகரம். படகு. விளக்கேந்திய ஒருத்தி.
எட்டாம் கட்டத்தில் ஒரு மருத்துவமனை.
தாழ்வாரத்தின் கடைசிக் கதவைத் திறந்தேன்.
அந்தக் கிறீச்சொலி
அப்பா கிடந்த வார்டுக் கதவுடையது.
நிறுத்திவிட்டேன். மூன்று நாள் தொடவில்லை.

இதை எதில் சேர்ப்பது?
ஒலியமைப்பு பிரமாதம் என்று கூட்டவா,
ஆடவிடாமல் துரத்தியது என்று கழிக்கவா?

"ஆட்டத்தைச் சொல், உன்னைச் சொல்லாதே"
என்று ஓலோமோவ்ட்ஸிலிருந்து ஒரு வாசகர் மாதாமாதம் எழுதுவார்.
அவருக்காக ஒருமுறை
'நான்' இருந்த வரிகளையெல்லாம் அடித்துப் பார்த்தேன்.
மிஞ்சியது:
படகு நகர்கிறது. விளக்கு எரிகிறது.
விலை ஆயிரத்து அறுநூறு கொரூனா.
அட்டைப்பெட்டியின் முதுகில்
இதைவிட நன்றாகவே எழுதியிருந்தது.

ஆசிரியர் ஓட்டகார் அழைத்தார்.
பின்னட்டை விளம்பரம் அவர்களுடையது.
மதிப்பெண்ணைப் பற்றி அவர் கேட்கவில்லை.
கேட்காமலிருப்பதற்கென்றே ஒரு குரல் வைத்திருக்கிறார்,
அந்தக் குரலில்
ப்ர்னோவில் மழையா என்று கேட்டார்.

போட்டிப் பத்திரிகைக்காரன் தொண்ணூற்றிரண்டு கொடுத்திருந்தான்.
அவன் போட்ட படங்களெல்லாம் நான்காம் கட்டத்தோடு நின்றன.
சிரித்தேன்.
சிரிப்பு முடிவதற்குள் நினைவு வந்தது:
போன வருடம் ஒரு கார்ப்பந்தயத்துக்கு
மூன்றே சுற்று ஓட்டிவிட்டு நான் போட்ட அறுபத்து நான்கு.
ஒருவரும் கேட்கவில்லை.
கறாரான ஆள் என்ற பெயர்
அந்த வாரம்தான் எனக்கு வந்தது.

முதலில் எழுபத்தெட்டு எழுதினேன்.

மறுநாள் ட்ராமில், எனக்கு முன்னிருக்கையில்
ஹெத்விகா. அந்த ஆட்டத்தில் தண்ணீரைச் செய்தவள்.
விருந்தொன்றில் யாரோ அறிமுகப்படுத்தியது.
பக்கத்துப் பெண்ணிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்:
சராசரி எண்பத்தைந்தைத் தொட்டால்
ஆளுக்கு மூன்று மாதச் சம்பளம்.
கழுத்துத்துணியை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எண்பத்து மூன்று ஆக்கினேன்.
இரவு இரண்டு மணிக்கு அறுபத்தொன்பது.
ஏற்றிய ஐந்து அவளுக்கு.
இறக்கிய பதினான்கு,
விலைபோகாதவன் என்று நாலு பேர் சொல்வதற்கு.
அதுவும் கையூட்டுத்தான்.
கொடுத்தவன் நான், வாங்கியவனும் நான்,
பணம் மட்டும் அவளுடையது.

விடியும்போது எழுபத்தொன்றில் நின்றது.
எழுபதை என்னால் விளக்க முடியும்.
அந்த ஒன்று எங்கிருந்து வந்ததென்று
இன்றுவரை தெரியாது.

கட்டுரையில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.
திசைகாட்டி வாங்கியது, பல்வலி,
ட்ராமில் காதில் விழுந்தது, அப்பாவின் கதவு.
இடமில்லை என்று ஓட்டகார் பல்லைப் பிடுங்கினார்.
மற்றதெல்லாம் அச்சேறியது.
இதுவரை எழுதியதில் நாணயமானது இதுதான் என்று
எனக்கு நானே
கொஞ்சம் தோளைத் தட்டிக்கொண்டேன்.

மார்ச்சில் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.
எழுபத்தொன்றைப் பற்றி ஏதாவது சொல்வாள் என்று
பதில்களை அடுக்கி வைத்திருந்தேன்.

"தண்ணீரைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே" என்றாள்.

கோபமாக இல்லை.
கடையில் மீதிச் சில்லறை குறைந்தால் கேட்பதுபோல.

மனதுக்குள் பத்தி பத்தியாகப் புரட்டினேன்.
நான் இருந்தேன், எல்லாப் பத்தியிலும்.
நாற்பத்தோரு மணி நேரம் அந்தத் தண்ணீரில் படகு விட்டவன்.

அவள் இறங்கும் நிறுத்தம் வந்தது.
வெளியே மழை பிடித்திருந்தது.
சன்னல் கண்ணாடியில் தண்ணீர்
அவள் செய்ததைப் போலவே இறங்கியது.
இல்லை,
அவளுடையது இன்னும் கொஞ்சம் தயங்கும்.