காக்காக்கால்

எண்ணூர் நெடுஞ்சாலை, பகல் பதினொன்று.
துறைமுகத்துக்குள் போகவேண்டிய கண்டெய்னர்கள்
நேற்றிரவு நின்ற இடத்திலேயே.
எடைமேடையில் எனக்கு வேலையில்லை.
குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன்
சுவரும் தாரும் ஒட்டாத இடுக்கில்.

முதல் கேள்வி: தண்டு தட்டையா?
விரல்களுக்கு நடுவே உருட்டினால்
உருள்கிறது, கொஞ்சம் தயங்கி.
கணுவில் வேர் உண்டா?
உண்டு. கரித்தூளும் டீசலும் இறுகின மண்ணில்
எங்கே படுத்ததோ அங்கே ஊன்றியிருக்கிறது.
இலையோரத்தில் மயிர்?
வெயிலுக்கு எதிரே பிடித்தேன்.
ஒவ்வொரு மயிரும் ஒரு குட்டிக் குமிழில் நட்டது.

"மேடம், கம்மல் கிம்மல் தொலைஞ்சுதா?"
சங்ககிரி வண்டி. கேபினிலிருந்து செங்கோடன்.
புல்லு, என்றேன்.
"புல்லா தொலைஞ்சுது?"
இறங்கிவிட்டார், பல்குச்சியோடு.
உங்க பக்கம் இதுக்கு என்ன பேரு?
"களை."
களைதான், பேரு?
"அதான் சொன்னேனே, களை."

உச்சியில் நாலு கதிர், விரித்த விரல்கள்போல.
காக்கைக்குப் பின்விரல் உண்டு, இதற்கில்லை.
காட்டுக் கேழ்வரகுக்கும் இப்படித்தான் விரியும்.
கடைசிக் கேள்வியில்தான் இரண்டும் பிரியும்,
என் லென்ஸோ வீட்டில், நேற்றுப் போட்ட சுடிதார் பையில்.
அவர் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கினார்,
இன்னும் பெரிதாக்கினார்.
"நுனி மொட்டையா இருக்கே. ஊசிமாதிரி."

அதுதான்.
மணிகள் முடிந்த பிறகும் காம்பு கொஞ்சம் நீள்வது,
வெறுமனே, எதையும் தாங்காமல்.

போன வருடம் கொருக்குப்பேட்டை கேட்டருகே பிடுங்கியதைக்
காட்டுக் கேழ்வரகு என்று எழுதி
மார்க்கும் வாங்கியிருக்கிறேன். பதினாலாம் தாள்.
இப்போது சந்தேகம்.
போய்ப் பார்த்தாலும் தெரியாது,
நுனிமேல்தான் செல்லோடேப் ஒட்டினேன்.

ஓராண்டுத் தாவரம் என்று எழுதும்போது பேனா நின்றது.
மழைக்கு முளைத்துப் பொங்கலுக்குள் உதிர்த்துவிட்டுப் போவதற்கு
ஆண்டு என்பது பெரிய வார்த்தை.
இருந்தாலும் எழுதினேன்.
வாழிடம்: சாலையோரம்.
அதற்குமேல் அந்தக் கட்டத்தில் இடமில்லை.

வரிசை அசைந்தது. ஓடிப்போய் உட்கார்ந்தேன்.
ஸ்டியரிங்குக்கு முன்னால் ஒரு கதிரைச் செருகிக்கொண்டு
மேடையேறினார் செங்கோடன்.
முப்பத்தெட்டு டன் இருநூற்று நாற்பது.
சீட்டைக் கிழித்துக் கொடுத்தேன்.
இருபது கிலோவுக்குக் குறைந்த எதையும்
எங்கள் எந்திரம் கணக்கில் எடுப்பதில்லை.