விலைப்புள்ளி

ஆயிரத்து எண்ணூறு சதுர அடி.
லாக்கர் அறைக் கதவோடு டேப் நின்றுவிட்டது.
"உள்ளே நாங்களே கூட்டிக்குவோம்" என்றார் மேனேஜர்.
அதைக் கழித்த பிறகுதான் இந்தக் கணக்கு.

மே கடைசி. குன்னூரில் மழை இன்னும் தொடங்கவில்லை.
நாமக்கல்லிலிருந்து மாற்றலாகி
அவர் வந்து பதினெட்டு நாள்.
மேசைக்கடியில் ஹீட்டர் சிவந்திருக்கிறது.

அடிக்கு அறுபது காசு என்றேன்.
கோயம்புத்தூர் கம்பெனி நாற்பத்தைந்து சொல்லியிருக்கிறது,
வழவழ தாளில்,
துடைப்பத்தோடு சிரிக்கும் ஒரு பெண்ணை அச்சடித்து.

கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்.
"துடைக்க ஒரு மணி நேரம்.
நீங்க போட்டிருக்கிறது மூணு.
மிச்ச நேரம் என்ன செய்வீங்க?"

காய வைப்போம் சார்.

"காயறதுக்கு ஆள் எதுக்கும்மா?"

நாமக்கல்லில் தரை தானே காயும்.
வாளியைத் தூக்கி நிமிர்வதற்குள்
நின்ற இடம் வெளுத்திருக்கும்.
இங்கே ஆடியில்
கதவிடுக்கு வழியாகப் பனி நுழைந்து
துடைத்த இடமாகப் பார்த்து உட்காரும்.
எழுந்திரு என்று சொல்ல முடியாது.
பழந்துணியால் ஒற்றி, ஃபேனைத் திருப்பி வைத்து,
மறுபடி ஒற்றி, காத்திருந்துதான் பூட்ட வேண்டும்.
ஈரத்தோடு பூட்டினால்
காலையில் பென்ஷனுக்கு முதல் ஆளாக வரும்
அருவங்காட்டு பாக்டரிக்காரர்
கவுன்டருக்குச் சறுக்கிக்கொண்டே வருவார்.

இவ்வளவும் சொன்னேன்.
சொல்லாமல் விட்டது என் சாயங்காலம்:
ஏழு மணிக்குப் பல் டாக்டர், அரை மணி.
எட்டுக்கு இந்த பேங்க்,
பெள்ளியும் மரியபுஷ்பமும்.
சாக்லேட் கடை ஒன்பதரைக்கு ஷட்டர் இறக்கும்;
அதை நான் ஒருத்தியே பார்த்துக்கொள்கிறேன்,
பத்தே முக்காலுக்குள்.
அதற்குமேல் பின்பக்கத் தொட்டிக்குக் கரடி வரும்.
அது ஒருநாளும் லேட்டானதில்லை.

வண்டிச்சோலைக்குக் கடைசி பஸ் ஒன்பது பத்து.
பிறகு தேவசகாயத்தின் ஆட்டோ, முந்நூறு.
வளைவில் காட்டுமாடு நின்றால்
இன்ஜினை அணைத்துவிட்டுக் கும்பிடுவான்.
அதற்குத் தனியாக வாங்குவதில்லை.

இரண்டு பேருக்கு ஐந்நூறு, ஆட்டோ முந்நூறு,
மருந்து எழுபது.
கம்பெனி சொன்ன எண்ணூற்றுப் பத்துக்கு இறங்கினால்
தினமும் அறுபது ரூபாய் நான் கொடுத்து
இவர் தரையைத் துடைக்க வேண்டும்.

"காத்திருக்கிறதுக்கெல்லாம்
ஆடிட்ல காசு பாஸ் ஆகாதும்மா."
குரலில் கோபமில்லை. உண்மையாகவே வருத்தப்பட்டார்.

அன்று ராத்திரி வேறு தாளில் எழுதினேன்.
'காத்திருப்பு, இரண்டு மணி நேரம்'
என்ற வரியை அடித்தேன்.
'பினாயில், மலைப்பகுதிக்கு ஏற்றது' என்று ஒரு வரி சேர்த்தேன்.
அடிக்கூட்டு மாறவில்லை.
பள்ளிக்கூடத்தில் கணக்கில் நான் முப்பத்தெட்டு.

"பொருள்னா சரி" என்று
முப்பது ரூபாய் குறைத்து,
ஆயிரத்து ஐம்பதுக்குக் கையெழுத்துப் போட்டார்.
பொய்க்கு முப்பது ரூபாய் அபராதம் என்று வைத்துக்கொண்டேன்.

இப்போது ஆடி.
கோகோ ஒட்டிய கையோடு
பெட்போர்டு இறக்கத்தில் வருகிறேன்.
கண்ணாடிக்கு உள்ளே
டோக்கன் நாற்காலிகளில் இரண்டு பேரும்
காலைத் தூக்கி மேலே வைத்திருக்கிறார்கள்,
தரை படாமல்.
மரியபுஷ்பம் பாவாடைக்கு நாடா கோக்கிறாள்.
பெள்ளி ஃபேனைப் பார்த்தபடி தூங்குகிறாள்.
டியூப்லைட் தரையில் நீளமாகக் கிடக்கிறது.
அதன் ஓரம் மங்கினால்தான் சாவியை எடுப்போம்.

போன வாரம் மேனேஜர் கேட்டார்:
"இவ்வளவு பினாயில் ஊத்தியும்
வாசமே வரலையேம்மா?"

பனிக்கு உங்களுக்கு மூக்கடைச்சிருக்கும் சார், என்றேன்.
அவருக்கு நிஜமாகவே அடைத்திருந்தது.