மூச்சைப் பிடிங்க

முப்பத்திரண்டாயிரம்.
சீட்டுப் பணம் இருபத்தைந்து.
மீதி, ஆட்டோ ஏறாமல்
தோட்டப்பாளையத்திலிருந்து டியூட்டிக்கு நடந்தே சேர்த்தது.

காந்தி ரோடு கடைக்காரர் புதுப் பெட்டியைத் திறந்தார்.
பாடி, பதினெட்டு–ஐம்பத்தைந்து கிட் லென்ஸ்,
பை இலவசம், மெமரி கார்டு இலவசம்,
துடைக்கிற துணிகூட இலவசம்.
"ராத்திரியில எடுக்கணும், ஃப்ளாஷ் இல்லாம" என்றேன்.
"ராத்திரிக்குத்தான் ஃப்ளாஷே கீது மேடம்" என்றார்.

பன்னிரண்டு வருஷமாக எக்ஸ்ரே அறையில் இருக்கிறேன்.
கதிரைக் குறைத்தால் படத்தில் குருணை விழும்,
கூட்டினால் உடம்புக்கு ஆகாது,
இரண்டுக்கும் நடுவில்தான் என் சம்பளம்.
ஐ.எஸ்.ஓ. ஏற்றினால் ரவை ரவையாக வரும் என்று
அவர் பயமுறுத்தினார்.
அந்த ரவையை நான்
விலா எலும்புகளின் மேல் பார்த்தவள்.

ஓட்டைக்கு மட்டும் கணக்கு தலைகீழ்:
எண் சிறுத்தால் கண் பெருக்கும்.
ஐந்து புள்ளி ஆறு, பகலில் ஒரு பூனை.
ஒன்று புள்ளி எட்டு,
அதே பூனை, கரண்ட் போனபிறகு.

ஐம்பது எம்.எம். வாங்கு, மலிவு என்றார்கள் எல்லோரும்.
நௌஷீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவல் தந்தாள்.
பத்துக்குப் பத்து அறையில்
சுவரோடு முதுகு ஒட்டி நின்றும்
கட்டிலில் உட்கார்ந்தவளின் பாதி முகம்தான் வந்தது.
சின்ன சென்சார், ஐம்பதை எழுபத்தைந்தாக்கிவிடும் என்றாள்.
வேலூர் எனக்கு அவ்வளவு தூரத்தில் இல்லை.
இங்கே எல்லாம் முட்டிக்கொண்டுதான் நிற்கிறது:
லாட்ஜின் மேல் லாட்ஜ்,
வங்காள எழுத்தில் மீன்சாப்பாட்டு போர்டு,
அதன் அடியில் மருந்துக்கடையின் பச்சை விளக்கு,
பச்சை விளக்கில் ஸ்கேன் கவரைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்கள்.
முப்பத்தைந்துதான்.

குடியாத்தத்தில் குணாளன், கல்யாண ஃபோட்டோகிராஃபர்,
மிரர்லெஸ்ஸுக்கு மாறுகிறார், பழையதை விற்கிறார்.
நாற்பத்தோராயிரம் முறை திறந்து மூடிய ஷட்டர்.
"பாதி தாலி கட்டுறது, பாதி பந்தி" என்று சிரித்தார்.
லென்ஸை வாங்கி
அடியில் செல்ஃபோன் டார்ச்சைப் பிடித்தேன்.
பழக்கதோஷம், நெஞ்சு ஃபிலிமைப் பார்ப்பதுபோலவே
மேலிருந்து கீழ், ஓரத்திலிருந்து நடு.
வலப்பக்கம் உச்சியில் ஒரு வெள்ளை நூல்.
பூஞ்சை.
"அது ஒண்ணும் பண்ணாது மேடம், படத்துல தெரியாது."
ஆரம்பத்தில் எதுவும்தான் தெரியாது என்றேன்.
என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு
உள்ளே போய் இன்னொன்று கொண்டுவந்தார்.
சுத்தம்.
பாடியோடு சேர்த்து இருபத்தொன்பது.
பள்ளிகொண்டா டோல்கேட் வரைக்கும்
மடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குள் எடுக்கக் கூடாது. எடுக்கவும் மாட்டேன்.
அங்கே நான் எடுப்பது வேறு படம்,
முகமில்லாதது.

நாலு இருபது. கேட்டுக்கு எதிரே டீக்கடை.
ஒரே ஒரு டியூப்லைட், அதுவும் சிமிட்டுகிறது.
ஒன்று புள்ளி எட்டு. மூவாயிரத்து இருநூறு.
நொடியில் பதினைந்தில் ஒரு பங்கு.
மூன்று படமும் ஆடிப்போயிற்று,
டீ மாஸ்டருக்கு மட்டும் ஆறு கை.

பெஞ்சில் ஒருவர்,
தம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பொத்தியபடி.
இரண்டரை மணிக்கு அவர் நெஞ்சைத்தான் எடுத்து அனுப்பினேன்.
மால்தாக்காரர்.
எடுக்கட்டுமா என்று கேமராவைத் தூக்கிக் காட்டினேன்.
சட்டைப் பொத்தானைச் சரிசெய்து நிமிர்ந்தார்.
முழங்கையை விலாவோடு ஒட்டி
எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்,
ராத்திரிக்கு நாற்பது முறை
அரைகுறை வங்காளத்தில் சொல்வதை:
தொரெ ராகுன்.
பிடிச்சுக்கோங்க.

வாய்விட்டுச் சொல்லிவிட்டேன் போல.

படம் ஆடவில்லை.
இடது கண்ணும் மூன்று நாள் தாடியும் கூர்மை,
காது மங்கல், குருணை ஏராளம்.
திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப்
பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நிமிர்ந்தால்
கன்னம் லேசாக உப்பி
இன்னும் விடாமல்
என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.