காரணம்: ஈரம்

பிப்ரவரியில் அந்தப் பெண் வந்தாள்,
எங்கள் பனிக்கு ஆகாத காலணியோடு.
இங்க்ரிட் ஹால்வர்சன், பல்கலைக்கழகம்.
தீயணைப்பு நிலையத்தில் மடக்கு நாற்காலிகள் பதினொன்று;
உட்கார்ந்தது நாங்கள் ஆறு பேர்.

மொன்டானாவில் துப்பாக்கி விற்பவனிடம்
பழைய சிப்பாய்களின் சாவைப் பற்றிப் பேச வந்தவளை
எப்படிப் பார்த்திருப்பேன், நீங்களே சொல்லுங்கள்.

திரையில் ஒரு கோடு காட்டினாள்.
விறுவிறுவென ஏறி, இறங்கிவிடும் கோடு.
"மோசமான நேரம் பலருக்கும் சின்னது.
அது கடக்கும்வரை
கைக்கும் இரும்புக்கும் நடுவே
கொஞ்சம் தூரம் வேண்டும்."
பிறகு துண்டறிக்கையை நீட்டி,
"இதில் எது தப்பு?" என்றாள்.

மூன்று வருட ஆராய்ச்சி.
நான் பேனாவை எடுத்து
'ஒப்படையுங்கள்' என்ற சொல்லை அடித்தேன்.
போருக்குப் போய் வந்தவனிடம் ஆயுதத்தை ஒப்படை என்றால்
சரணடை என்றுதான் காதில் விழும்.
'எங்களிடம் இருக்கட்டும்' என்று போடச் சொன்னேன்.
குறித்துக்கொண்டாள்.
அப்போதுதான் அவளை நம்பினேன்.

இன்னொன்றும் சொன்னாள்: நேராகக் கேளுங்கள்.
கேட்பதால் அந்த நினைப்பு முளைத்துவிடாது.

கடை மூடிய பிறகு
சுவரில் மாட்டிய மான்தலையிடம் கேட்டுப் பழகினேன்.
பத்து வருடத்துக்கு முன் ஒருவனிடம்
வானிலை மட்டும் பேசி
மீதிச் சில்லறை கொடுத்து அனுப்பியவன் நான்.
அந்தச் சில்லறை இன்னும் கணக்கில் இடிக்கிறது.

ஏப்ரலில் வெண்டல் ப்ரூயிட் வந்தான்.
குதிரைப் போர்வையில் சுற்றிய நீளங்கள் இரண்டு.
"அடித்தள அறையில ஈரம். துருப்பிடிச்சிடும்."
அந்த வீட்டுக்குத் தரை போட்டவன் என் தம்பி.
அங்கே ஈரம் கிடையாது.

ரசீது எழுதினேன். காரணம்: ஈரம்.
பேனாவை மூடிவிட்டுக் கேட்டேன்,
மான்தலையிடம் கேட்ட அதே சொற்களில்:
"வெண்டல், செத்துப்போகணும்னு நினைக்கிறியா?"

தூண்டில் புழு வைக்கும் ஃப்ரிட்ஜ் உறுமி நின்றது.
வெளியே யாரோ லாரியைப் பின்னுக்கு எடுத்தார்கள்.
"நேத்து ராத்திரி," என்றான்.
பிறகு, "காபி இருக்கா?"

மதியம் இரண்டு மணிக்குக் கடையை அடைத்தேன்.
அறிக்கையின் அடியிலிருந்த எண்ணை அவனே அழுத்தினான்.
அவன் பேசி முடிக்கும்வரை
தூண்டில் முட்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்திரண்டு பெட்டி.

இப்போது செவ்வாய்தோறும் வருகிறான்,
மருத்துவமனையிலிருந்து நேராக.
"துரு ஏதும்?"
"இல்லை."
காபி மோசம் என்று சொல்லிவிட்டு
இரண்டாவது கோப்பையும் குடிக்கிறான்.

இங்க்ரிட் மின்னஞ்சலில் கேட்கிறாள்:
எத்தனை பேர்? எவ்வளவு நாள்? என்ன காரணம்?
பெயர் தரமாட்டேன் என்றேன். அவளும் கேட்கவில்லை.
நடக்காமல் போனதை எந்தக் கட்டத்தில் எழுதுவீர்கள் என்றேன்.
தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.

பேரேட்டைப் புரட்டுகிறேன்.
பதினான்கு வரிகள்.
விவாகரத்து என்று ஒன்று. பேரன் வருகிறான் என்று ஒன்று.
மூன்றில் காரணம் எழுதவில்லை.
மற்ற ஒன்பதிலும் ஈரம்.

இந்தக் கோடையில்
இங்கே ஒரு சொட்டு மழை இல்லை.