கிடைத்தால் திரும்பு

மஞ்சக்குப்பத்தில் மாடி அறை.
கீழே கொத்து பரோட்டாக் கல்லின் சத்தம்.
புயல் போன பதினோராம் நாள்
ஒரு பென்டிரைவில் நாலு பட்டியல் கொடுத்தார்கள்:
கூட்டுறவுக் கடன், உரிமம், டீசல் மானியம், நிவாரணம்.
கொடுத்த வரிசை அதுதான்.
"நம்பர் அடிச்சா ஆள் வரணும் மேடம், அவ்வளவுதான்."

படகு என்று ஒரு கிளாஸ் எழுதினேன்.
எண், நீளம், குதிரைத்திறன், உரிமையாளர், ஊர்.
பட்டியலுக்குள் படகு இருப்பதில்லை.
படகு எங்கே என்று சொல்லும் துண்டுச்சீட்டுதான் இருக்கும்.
ஒரே படகுக்கு நாலு சீட்டு இருக்கலாம்.
எந்தப் படகையும் காட்டாத சீட்டும் இருக்கலாம்,
அதற்குப் பேர் நல்.
தமிழில் நல்ல சொல்.
தொட்டால் புரோகிராம் விழுந்துவிடும்.

சோதித்துப் பார்க்க
காலையிலிருந்து படிக்கட்டில் உட்கார்ந்திருந்தவரையே கூப்பிட்டேன்.
தேசிங்கு, தேவனாம்பட்டினம்.
உரிமத்தில் தேசிங்கு.
மானியத்தில் தேசிங்.
கடனில் தேசிங்குராஜன், தேவனாம்பட்டணம்.
மூவரும் ஒருவரா என்றால்
இல்லை என்கிறது, கூச்சமே இல்லாமல்.
சமம் என்றால் என்னவென்று
நான்தான் சொல்லித்தர வேண்டியிருந்தது:
பேரை விடு, எண்ணைப் பார்.

வந்தது.
கூட்டுறவுக் கடன், நிலுவை நாற்பத்திரண்டாயிரம்.
அத்தோடு நின்றது.

"கடன்ல மட்டும்தான் இருக்கனா?"
என்றார் திரையைப் பார்த்து.
"படகு கெடிலத்து வாய்ல ரெண்டா கெடக்கு மேடம்."

அரைமணி நேரம் தேடினேன்.
தப்பு என் கையில்தான்.
லூப்புக்குள் நானே எழுதியிருந்தேன்: கிடைத்தால் திரும்பு.
வீண்வேலை பார்க்காத வரி,
விருத்தாசலத்துக் கல்லூரியில் எனக்கு மார்க் வாங்கித் தந்த வரி.
கடனில் ஆளைப் பிடித்ததும்
மற்ற மூன்றைத் திறந்துகூடப் பார்க்காமல்
திரும்பி வந்திருக்கிறது.

அழித்தேன்.
கிடைப்பதையெல்லாம் சேர்த்துக்கொள்,
கடைசிப் பட்டியலின் கடைசிச் சீட்டு வரை போ.

இப்போது மூன்று பட்டியலில் இருந்தார்.
நிவாரணத்தில்
இரண்டாயிரத்துச் சொச்சம் படகுகளையும் ஒவ்வொன்றாய்க் கேட்டுவிட்டு
வெறுங்கையோடு வந்தது.
நானும் ஒருமுறை விரலால் ஓட்டிப் பார்த்தேன்.

என்ன சொல்வதென்று தெரியாமல்
தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன்.
அவர் முகம் ஏனோ தெளிந்திருந்தது.
"இத அப்படியே அச்சடிச்சுக் குடுங்க.
மூணுல இருக்கு, ஒண்ணுல இல்லைன்னு."

பிரிண்டரில் மை தீரும் நேரம்.
முதல் மூன்று வரி கருப்பு,
நாலாவது சாம்பல்.
என் பேனாவை வாங்கி
மேஜைமேல் குனிந்து
'இல்லை'யின் மேல் மட்டும்
இரண்டு முறை அழுத்தி எழுதிக்கொண்டார்.